பிரேக் மாஸ்டரின் வலது கால்

சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட பிரேக் போடுகிற மனிதர் அவர். திரையில் ஒரு கார் வளைவில் வேகமாகத் திரும்பினால் போதும், அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பல் டாக்டரின் நாற்காலியில் ஊசியைப் பார்த்ததும் பிரேக் போட்டார். வேறு யாரோ ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் முன் சீட்டின் கால்கம்பி படாத பாடு படும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் என்பதால் அந்தக் கால் அப்படிப் பழகிப் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் பிரேக் மாஸ்டர். கட்டிய மனைவிகூட கோபம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

அந்த மனைவியின் தம்பி ஒரு மெக்கானிக். மாஸ்டர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவனுடைய கராஜ் இருந்தது. ஒரு லாரியும் ஒரு காரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் அளவு இடம். மாஸ்டரின் ஒற்றைக் காரை, பயிற்சிப் பள்ளி என்று பலகை கட்டிய அந்தச் சாம்பல் நிற வண்டியை, அவன்தான் ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டான். அதில் மாஸ்டர் உட்காரும் பக்கத்துக்கு இரண்டாவது பிரேக் பெடல் பொருத்தியதும் அவன்தான். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் மாஸ்டர் தன் பக்கத்துப் பெடலை மிதிப்பார். கேபிள் இழுக்கும், வண்டி நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

பஸ்ஸர் பிறகு வந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்களோடு தினமும் ஒரே வழக்கு. "நான்தான் மாஸ்டர் நிறுத்தினேன்" என்று அவர்கள் சொல்வார்கள். "உங்க பாட்டன் நிறுத்தினாரு" என்று இவர் சொல்வார். வழக்கைத் தீர்க்க மெக்கானிக் ஒரு சுவிட்சை மாஸ்டரின் பெடலுக்குக் கீழே வைத்தான். மாஸ்டர் முழுதாக மிதித்து வண்டியை நிறுத்தினால் சுவிட்சில் பெடல் தட்டும். 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் நிறுத்தியது மாஸ்டர். சத்தம் வராமல் நின்றால் கற்றுக்கொள்கிறவர் தேறிவிட்டார். பொய் சொல்ல வழியே கிடையாது.

அந்தப் பஸ்ஸருக்கு அதிக வேலை கொடுத்தவர் பேங்க் அம்மா. பேங்கில் பெரிய பொறுப்பில் இருப்பவர், தலை பாதி நரைத்தவர். இரண்டு முறை டெஸ்டில் தோற்று மூன்றாவது முறைக்குப் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று சொல்வதுதான் சரி. புத்தகத்தில் உள்ள எல்லா விதியும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். பிரேக் மட்டும் போட மாட்டார். மாஸ்டர் போட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கை.

"அவங்க ஓட்டினா அது காரே இல்லடா மாப்ளே, ஆம்புலன்ஸ்" என்பார் மாஸ்டர். "தெருமுனையிலேர்ந்து பீப் பீப்னு வரும். ஜனங்க ஒதுங்கி வழி விடறாங்க."

மாஸ்டருக்கும் மெக்கானிக்குக்கும் வாய்ச்சண்டை இல்லாத நாள் கிடையாது.

"உன் அக்கா சமையலையே இத்தனை வருஷமா தாங்கிட்டேன், உன் ரிப்பேரைத் தாங்க முடியலடா."

"அப்ப வேற கடைக்குப் போங்க மாமா. யாரு புடிச்சு வெச்சிருக்கா?"

"போவேன். அப்புறம் ராத்திரி சோறு யாரு போடுவா?"

இப்படி எல்லாம் பேசினாலும், மாஸ்டரின் கால் விஷயத்தில் மெக்கானிக்குக்கு ஒரு பயபக்தி உண்டு. மாஸ்டர் எப்போதும் மெல்லிய அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூதான் போடுவார். தடித்த ஷூ போட்டால் காலுக்குக் காது கேட்காது என்பார். ஒரு முறை கிளட்ச் ஏதோ சரியில்லை என்று அவர் சொன்னபோது, மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சாதித்தான். அடுத்த வாரமே கிளட்ச் பிளேட் போய்விட்டது. நடுரோட்டில், ஒரு காலேஜ் பெண் ஓட்டிக்கொண்டிருந்தபோது. அன்றிலிருந்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். ஓட்டுகிறவன் கால் பொய் சொல்லாது. அது என்ன சொல்கிறதோ அதன்படி வண்டியைச் சரிசெய்ய வேண்டும். இந்த முடிவைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு அவன் எதை எல்லாம் நினைத்து மனம் வெந்தானோ, அதில் இதுதான் முதல்.

*

அந்த மழைக்காலத்தில் ஊர் முழுக்க இருமிக்கொண்டிருந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வண்டியில் ஏறுவார்கள். மழைக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஆளுக்கொரு மணி நேரம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் மாஸ்டரும் அவர்களும் ஒரே காற்றைச் சுவாசிப்பார்கள். கடைசியில் மாஸ்டருக்கும் வந்தது. காய்ச்சல், உடம்பு வலி, இருமல். படுத்தார், வெந்நீர் குடித்தார், மாத்திரை போட்டார், மனைவியைத் திட்டினார், எழுந்தார். ஊரில் நூறு பேருக்கு வந்து போனது போலவே அவருக்கும் வந்து போனது.

"காய்ச்சல் போயாச்சு, ஆள் வந்தாச்சு" என்று கராஜ் வாசலில் வந்து நின்று சொன்னார். கொஞ்சம் மெலிந்திருந்தார். மற்றபடி பழைய மனிதர்தான்.

ஒன்றரை வாரம் போனபின் கால்விரல்களில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்றார். காய்ச்சலிலிருந்து எழுந்த கையோடு புது ஷூ வாங்கியிருந்தார். பழி ஷூ மேல் விழுந்தது. அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுப் பழைய ஷூவுக்கே திரும்பினார். எறும்புகள் போகவில்லை. காய்ச்சல் உடம்போடு ஈரத்தரையில் நடந்ததால்தான் என்று அவர் மனைவி, மெக்கானிக்கின் அக்கா, சொன்னாள். மாஸ்டர் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டார்.

அதே சமயம் அக்காவுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. மாஸ்டர் தூக்கத்திலும் பிரேக் போடுகிறவர். கல்யாணமான புதிதில் அவளுடைய கணுக்காலில் நீலம் பாரித்ததைப் பார்த்து அவளுடைய அம்மா சம்பந்தி வீட்டோடு சண்டைக்கே போய்விட்டாள். இத்தனை வருஷமும் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்துப் பழகியவள் அவள். தம்பிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள் சொன்னாள்:

"நாலஞ்சு நாளா உதைக்கவே இல்லைடா. பச்சப்புள்ள மாதிரி தூங்கறார். காய்ச்சல் வந்தாலும் வந்துச்சு, மனுஷன் உடம்பு கொஞ்சம் அடங்கிடுச்சு."

"நீ முன்னாடியே அவருக்குக் காய்ச்சல் வர வெச்சிருக்கணும்" என்றான் தம்பி. இருவரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே மாஸ்டர் காரைக் கொண்டுவந்தார்.

"மாப்ளே, என் பக்கம் பெடல் இறுகிப் போச்சு. கேபிளைப் பாரு."

மெக்கானிக் குனிந்து பார்த்தான். காலைத் தூக்கவே இல்லை, உள்ளங்கையாலேயே அழுத்திப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி இறங்கியது. பீப் என்றது. ஒன்றுமில்லையே என்று வாய்வரை வந்தது. கிளட்ச் பிளேட் ஞாபகத்துக்கு வந்தது. கேபிளுக்கு எண்ணெய் விட்டு, கொஞ்சம் இழுத்துக் கட்டிக் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். "இன்னும் இறுக்கமாத்தான்டா இருக்கு. நீ எண்ணெய் விட்டியா, பிசின் விட்டியா?"

இந்த முறை மெக்கானிக்குக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. பெடலைத் திரும்ப மேலே தள்ளுகிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய ஸ்கூட்டரிலிருந்து எடுத்த மெலிந்த ஸ்பிரிங்கை மாட்டினான். பழசைத் தூக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டான். "இப்ப ஊதினாலே இறங்கும் மாமா. இதுக்கு மேல வேணும்னா ஆள் வெச்சுத்தான் மிதிக்கணும்."

மாஸ்டர் மிதித்துப் பார்த்தார். "இது. இதைத்தான் கேட்டேன்" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. கராஜின் பக்க வாசலில் இருந்த இரண்டு படியையும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மெக்கானிக் அதைப் பார்த்தான். காய்ச்சலில் படுத்து எழுந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போனான்.

மூன்றாவது முறை அவர் வந்தபோது லாரிக்காரர் தலைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் ஓட்டிவந்திருந்தான்; மாஸ்டர் தன் பக்கத்து சீட்டை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூப்பிட்டார்.

"மிதிக்கறேன்டா, பஸ்ஸர் வரமாட்டேங்குது. அந்தப் பேங்க் அம்மா, நானே நிறுத்தினேன் நானே நிறுத்தினேன்னு குதிக்கறாங்க. மானம் போகுது."

மெக்கானிக் ஸ்பானரோடு வந்தான். சுவிட்சைக் கழற்றி ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி மறுபடி முடுக்கினான். அதுவரை பெடல் முழுதும் கீழே போனால்தான் சத்தம் வரும். இனி பாதி வழியிலேயே வரும். மாஸ்டர் மிதித்தார். பீப். இருவருக்கும் திருப்தி.

உண்மையைச் சொல்வதற்கென்றே வைத்த ஒரே பொருள் அது. அதைத்தான் அவன் ஒரு விரல் அகலம் மேலே ஏற்றினான்.

*

மறுநாள் நடந்ததைப் பேங்க் அம்மா பிறகு பலமுறை சொன்னார்.

பள்ளிக்கூடத் தெரு. மத்தியான நேரம். சந்திலிருந்து ஒரு டெலிவரி வேன் பின்பக்கமாக வெளியே வந்தது. பேங்க் அம்மா வழக்கம்போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை அகலத் திறந்தார். பக்கத்தில் பீப் என்று கேட்டது. சரி, மாஸ்டர் போட்டுவிட்டார் என்று மனசு நிம்மதியானது. ஆனால் வேன் பெரிதாகிக்கொண்டே வந்தது. பீப் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை. அப்போதுதான், வாழ்க்கையில் முதல் முறையாக, அவர் தானாகப் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, வேனின் பின்கதவுக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது.

"மாஸ்டர், சத்தம் வந்துச்சு! வண்டி நிக்கல! நான்தான் நிறுத்தினேன்!"

மாஸ்டர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பெடலின் மேல்தான் இருந்தது.

"நல்லா நிறுத்தினீங்கம்மா" என்றார். வார்த்தை கொஞ்சம் குழறியது. "நீங்க பாஸ்."

"உங்க மொகம் ஒரு மாதிரி இருக்கே. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ஆஸ்பத்திரி எதுக்கு? கராஜுக்கு விடுங்க. அந்தப் பய பெடலை என்னமோ பண்ணி வெச்சிருக்கான். இன்னிக்கு அவனைச் சும்மா விடப் போறதில்ல."

பேங்க் அம்மா ஒரு பீப் சத்தம் இல்லாமல் கராஜ் வரை ஓட்டினார். வாசலை அடைத்துக் குறுக்காக நிறுத்தினார். மாஸ்டர் உள்ளே உட்கார்ந்தபடியே கத்தினார்: "டேய் மாப்ளே! வெளிய வாடா! ரெண்டு உயிர் போயிருக்கும்டா இன்னிக்கு!"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மாஸ்டர் கதவைத் திறந்து இடது காலைக் கீழே வைத்தார். வலது காலையும் வைத்தார். எழுந்தார். பிறகு கொடியிலிருந்து நழுவின ஈரத்துணி மாதிரி அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விழுந்ததில் வெட்கப்பட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. மற்றப் பக்கம் கேட்காதது மாதிரி இருந்தது.

மெக்கானிக் அவர் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, அவருடைய ஷூவைக் கழற்றினான். தன் உள்ளங்கையை அவருடைய உள்ளங்காலில் வைத்தான். அன்று பெடலை அழுத்திப் பார்த்த அதே கை.

"மிதிங்க மாமா. என் கையை மிதிங்க."

"மிதிக்கறேனேடா."

ஒரு குழந்தையின் கால் படுவது மாதிரி, பட்டும் படாமலும் ஏதோ ஒன்று பட்டது.

*

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர் ஓர் இளம் டாக்டர் அம்மா. முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் தட்டினார். கால் துள்ளவில்லை. மற்றக் கால், அதுவும் இல்லை. கையிலும் பிடி தளர்ந்திருந்தது. முகத்தின் புன்னகை ஒழுங்கில்லாமல் போனதைக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"பலவீனம் எப்பலேர்ந்து?"

அக்கா தெரியாது என்று விழித்தாள். மாஸ்டர், "இன்னிக்குத்தான்" என்றார். மெக்கானிக் சுவர் ஓரமாக நின்றிருந்தான். சட்டையில் கிரீஸ் கறை. அவன் மெல்லச் சொன்னான்:

"இன்னிக்கு இல்ல டாக்டர். கேபிள் இறுக்கமா இருக்குன்னாரு, அது போன வாரம். அப்புறம் ஸ்பிரிங் மாத்தினேன். நேத்து சுவிட்சை மேல ஏத்தினேன்."

டாக்டர் புரியாமல் பார்த்தார். அவன் விளக்கினான். விளக்க விளக்க அவனுக்கே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் அவன் பெடலை இளக்கிக் கொடுத்திருக்கிறான்.

"அதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதாவது?"

"மூணு வாரம் இருக்கும்" என்றாள் அக்கா. "ஆனா அது சரியாப் போச்சே டாக்டர். சுத்தமாப் போச்சு."

"காய்ச்சல் போச்சும்மா" என்றார் டாக்டர். நாற்காலியை இழுத்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "வைரஸ் உள்ள வந்தா, அதை அடிக்கறதுக்கு உடம்பு ஆயுதம் தயார் பண்ணும். அந்த வைரஸ் மேல இருக்கற ஒரு அடையாளமும் நம்ம நரம்பு மேல இருக்கற ஒரு அடையாளமும் சில சமயம் ஒண்ணு போலவே இருக்கும். வைரஸ் செத்துப் போயிடும். ஆயுதம் அதோட நிக்காது. நரம்பைப் பார்த்து இதுவும் அவன்தான்னு அடிக்க ஆரம்பிக்கும். நரம்போட மேலுறை போயிட்டா மூளை சொல்றது காலுக்குப் போய்ச் சேராது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். இதுக்கு கில்லன்-பாரே சிண்ட்ரோம்னு பேரு."

"அந்தக் காய்ச்சல் தெருவுல எல்லாருக்கும்தானே வந்துச்சு?"

"ஆமா. கோடியில யாருக்கோன்னு சொல்ல முடியாது, ஆனா ரொம்ப அபூர்வம். ஏன் இவருக்குன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. எந்த வைரஸ்ங்கறதுகூட கடைசி வரைக்கும் தெரியாமப் போகலாம்."

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். கையிலும் காலிலும் மின்சாரம் வைத்து நரம்பின் வேகத்தைப் பார்த்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். நிறையப் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள். ஆனால் நோய் அதற்குள் ஏறியிருந்தது. ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று மாஸ்டரை எண்ணச் சொல்லிக் கேட்டார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. மறுநாள் காலை அவரை வென்டிலேட்டரில் வைத்தார்கள். மூச்சை மிஷின் விட்டது. மாஸ்டருக்கு நினைவு இருந்தது, எல்லாம் புரிந்தது, இமையைத் தவிர எதையும் அசைக்க முடியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அக்காவும் தம்பியும் அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ பெடலைச் சரி பண்ணிக் கொடுத்தே" என்றாள் அக்கா கடைசியில். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "நான் உதைக்காம தூங்கறாரேன்னு சந்தோஷப்பட்டேன். கட்டில் நடுவுல காலை நீட்டிப் படுத்தேன்டா. நல்ல அக்கா தம்பிடா நாம ரெண்டு பேரும்."

அவன் டாக்டரைத் தனியாக மடக்கிக் கேட்டான். கேபிளுக்கு எண்ணெய் விட்ட அன்றைக்கே கூட்டி வந்திருந்தால்?

டாக்டர் சொன்னார்: "சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லதுதான். ஆனா சிலருக்கு சீக்கிரம் ஆரம்பிச்சும் இதே நிலைமை வரும். உங்களால வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பான். இல்லை என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான். இரண்டும் இல்லாததைச் சுமந்துகொண்டு கராஜுக்குத் திரும்பினான். அந்தச் சாம்பல் நிறக் காரை மூலைக்குத் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினான். பேங்க் அம்மா மூன்றாவது டெஸ்டில் தேறியதாகத் தகவல் வந்தது. யாரும் அதைக் கொண்டாடவில்லை.

*

மூச்சு முதலில் திரும்பி வந்தது. பிறகு குரல், பிறகு சிரிப்பின் இரண்டு பக்கமும், பிறகு விரல்கள். ஏறியது வேகமாக ஏறியது. இறங்கியது மாதக்கணக்கில் இறங்கியது. கடைசியாகத் திரும்புவது கால்தான் என்று உடற்பயிற்சி கொடுப்பவர் சொன்னார். சக்கரம் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். பாதம் தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் தரையைத் தேய்த்தது.

"உன் மாமனுக்கு ஓவர்டேக் பண்ண ஆசை வந்துடுச்சு பார்" என்பார் மெக்கானிக்கிடம், முன்னால் போகிற இன்னொரு நோயாளியைக் காட்டி.

வைரஸ் செத்த பிறகும் ஆயுதம் நிற்காது என்று டாக்டர் சொன்னதை அக்கா அவருக்குச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு ரொம்ப நேரம் யோசித்தவர், மெக்கானிக் வந்ததும் சொன்னார்: "என் உடம்புக்கும் என் கால் புத்திதான்டா மாப்ளே. காய்ச்சல்ங்கற வண்டி போயே போயாச்சு. இது பாட்டுக்கு சோபாவுல உட்கார்ந்து பிரேக் போட்டுட்டு இருந்திருக்கு."

மெக்கானிக் சிரிக்கவில்லை.

"என்னடா மூஞ்சி?"

"நான் பெடல்ல கை வெச்சிருக்கக் கூடாது மாமா."

"நான்தானே வெக்கச் சொன்னேன்? என் கால்மேல எனக்கு சந்தேகம் வரலியே. வண்டி மேலதான் வந்துச்சு. ஒரு தடவை நீ, 'மாமா பெடல் நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். போட்டிருக்கலாம். அந்தச் சண்டையை நாம போட்டிருக்கலாம்டா."

வீட்டுக்கு வந்து, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்த பிறகு, வண்டியைத் தயார் செய்து வைக்கச் சொல்லி மாஸ்டர் ஆள் அனுப்பினார். மிதித்துப் பார்க்க வேண்டுமாம். மிதிக்க முடிந்தால் மறுபடி தொழில். மெக்கானிக் தார்ப்பாயை விலக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த சுவிட்சு மேலேயே இருக்கட்டும்டா. சும்மா கால் வெச்சாலே சத்தம் வர மாதிரி வை. ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டா மனுஷனுக்கு உசுரு வந்துடும்."

"அதை நம்பி ரோட்டுல போனா?"

"நான் போக விட மாட்டேன். கேட்டா போதும்டா. பாவம்டா அவர்."

அவள் போன பிறகு அவன் ரொம்ப நேரம் பெடல் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஸ்பானர் மடியில் கிடந்தது. அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. சுவிட்சைத் தொடாமல் விட்டாலே போதும். அவன் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தான். நட்டு, வாஷர், துருப்பிடித்த கொக்கிகளுக்கு நடுவே அந்தப் பழைய ஸ்பிரிங் கிடந்தது. அதை மாட்டினான். கேபிளைப் பழைய நீளத்துக்குத் தளர்த்தினான். சுவிட்சைக் கழற்றிக் கீழே, முன்பு இருந்த ஓட்டையிலேயே வைத்து முடுக்கினான். மேலே ஒரு வெற்று ஓட்டை மிஞ்சியது. அதை அடைக்கவில்லை.

சனிக்கிழமை பேங்க் அம்மாதான் மாஸ்டரைத் தன் சொந்தக் காரில் கூட்டிவந்தார். வாசலில் நேராக நிறுத்தினார். மாஸ்டர் மெல்லிய கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். தடியை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். காலைக் கையால் தூக்கிப் பெடல்மேல் வைத்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மிதித்தார்.

பெடல் கொஞ்சம் இறங்கி நின்றது. கழுத்தில் நரம்பு புடைத்தது. தொடையை இரண்டு கையாலும் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் இறங்கியது. கராஜில் ஒரு சத்தமும் இல்லை. காலை எடுத்தார். பெடல் விருட்டென்று மேலே வந்து நின்றது, பழைய ஸ்பிரிங்கின் பலத்தோடு.

மாஸ்டர் குனிந்து பெடலுக்குக் கீழே பார்த்தார். அந்த வெற்று ஓட்டையை விரலால் தடவினார்.

"பழைய இடத்துக்கே வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன் மாமா."

அக்கா தம்பியைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று அவனால் படிக்க முடியவில்லை.

"ம்" என்றார் மாஸ்டர். முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை மட்டும்தான் என்று சொல்ல முடியாது. "அப்படியே இருக்கட்டும். நான் என்ன சொன்னாலும் இதுல இனிமே கை வெக்காதே. நான் கெஞ்சினாலும்."

"சரி மாமா."

"உன் அக்கா கெஞ்சினாலும்" என்றார், மனைவியின் பக்கம் திரும்பாமலே.

அந்தக் கார் இப்போதும் கராஜின் மூலையில் நிற்கிறது. தார்ப்பாய் போடுவதில்லை. பலகையை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். மாஸ்டர் கால்மணி நேரம் உட்கார்ந்து மிதித்துவிட்டுப் போக ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். வருகிற வழியில் ஒரு திருப்பத்தில் அவருடைய ஷூவின் முனை லேசாக அசைந்ததைப் பேங்க் அம்மா பார்த்திருக்கிறார். "என் வண்டியில மாஸ்டர் பிரேக் போட்டாரு!" என்று கராஜ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், மாஸ்டரும்தான்.

அக்கா தம்பியோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தை எப்போதும் வைக்கிற ஸ்டூலில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"உதைக்க ஆரம்பிச்சிட்டார்டா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

"தூக்கத்துல. நேத்தும், முந்தாநாளும்." அவள் கண் நிறைந்தது. "ஆனா வலிக்கவே மாட்டேங்குதுடா."

சனிக்கிழமைகளில் மெக்கானிக் லாரிக்கு அடியில் படுத்திருப்பான். மூலையில் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவான். சீட்டு கிரீச்சிடும். மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்கும். பெடல் இறங்குவது கேட்கும். அவனும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு, பீப் வருமா என்று காத்திருப்பான். பிறகு ஸ்பிரிங் பெடலை மேலே தள்ளும் சத்தம் வரும். ஸ்பானரை மறுபடி எடுத்துக்கொள்வான்.